கம்பெனி பஸ்ஸை ரெண்டு நிமிஷத்தில் விடுகிறேன். லேட் பழக்கத்தை ஒழித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

காவேரிப்பட்டணத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை, ஜெனரல் ஷிஃப்ட், எட்டரைக்குள் பஞ்ச் வைக்க வேண்டும். கம்பெனி பஸ் காவேரிப்பட்டணம் வராது. கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் ஆறு ஐம்பதுக்கு நிற்கும், அதனால் வீட்டிலிருந்து அங்கே வரை பைக். அந்த பஸ்ஸை வாரத்தில் பாதி நாள் விட்டுவிடுகிறேன். அதுவும் எப்படி என்றால், நான் ரோட்டின் இந்தப் பக்கம் நிற்கும்போதே அது அந்தப் பக்கம் கிளம்பும், டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்துக் கையை வேறு விரிப்பார். அப்புறம் கிடைத்த பஸ்ஸில் ஏறி, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேருவதற்குள் ஒன்பது தாண்டிவிடும். போன மாதம் ஹெச்.ஆர். கூப்பிட்டு லெட்டர் கையில் கொடுத்துவிட்டார்கள். ஐந்து அலாரம் வைத்திருக்கிறேன், எழுந்தும் விடுகிறேன். தூங்கி லேட் ஆவதில்லை, எழுந்த பிறகுதான் லேட் ஆகிறது. "சீக்கிரம் தூங்கு, சீக்கிரம் எழு" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், அதை அம்மா தினமும் சொல்கிறார்.

சும்மா படிக்கிறவன்:
சீக்கிரம் தூங்கு தம்பி, சீக்கிரம் எழு.

பழைய சூப்பர்வைசர்:
தம்பி, ஓசூரில் லைன் பார்த்து ரிட்டையர்டு ஆனவன் நான். லேட்டாக வருகிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் மலை கிராமத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிறவன் ஷிஃப்டுக்கு முன்னாலேயே கேண்டீனில் உட்கார்ந்திருப்பான். கம்பெனிக்குப் பின்னால் ரூம் எடுத்துத் தங்கியவன் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே கேட்டுக்கு ஓடி வருவான். ஆகவே தூரம் காரணம் என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். காவேரிப்பட்டணத்திலிருந்து ரவுண்டானாவுக்கு எவ்வளவு நேரம் என்று மனதில் வைத்திருக்கிறாய்? இருபது நிமிஷம் என்றுதான் சொல்வாய், எல்லாரும் அப்படித்தான். அந்த இருபது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது? பைக் உருளத் தொடங்கியதிலிருந்து ரவுண்டானா கண்ணில் படும் வரைக்கும் என்றால், வண்டியை ஸ்டாண்டில் விட்டு டோக்கன் வாங்குவது, ஹெல்மெட்டைப் பூட்டுவது, பாலத்துக்கு அடியில் நடந்து ரோட்டைத் தாண்டுவது எல்லாம் யார் கணக்கில் வரும்? நீ விடுகிற அந்த ரெண்டு நிமிஷம் அங்கேதான் போகிறது என்பது என் சந்தேகம்.

நாளைக்கு ஒரு வேலை செய். சீக்கிரம் எழ வேண்டாம், வேகமாக ஓட்டவும் வேண்டாம். எழுந்ததிலிருந்து பஸ் படியில் கால் வைக்கிற வரைக்கும் என்னென்ன செய்கிறாய், எப்போது முடிக்கிறாய் என்று போனில் குறித்துக்கொண்டே வா. திருத்தாமல் அப்படியே இங்கே போடு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உனக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. காலை மீட்டிங்கில்தான் எந்த மெஷினில் என்ன கோளாறு, எதைத் தொடக் கூடாது என்று சொல்வோம். அரை மணி கழித்து வருகிறவனுக்கு அது தெரியாது, நேராகப் போய்க் கையை வைப்பான். லேட் மார்க்கைவிட எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருக்கும்.

காவேரிப்பட்டணத்தான்:
அண்ணா, குறித்தேன். சிரிக்காதீர்கள்.

நாலே முக்காலுக்கு எழுந்தேன். முகம் கழுவி டீ குடித்துவிட்டு மாட்டைக் கட்டுத்தறி மாற்றிக் கட்டி, தண்ணீர் காட்டி, சாணி அள்ளிப் போட்டதும் ஐந்தே கால். பால் கறப்பது அம்மா. ஐந்தே முக்காலுக்குக் கேனை எடுத்துக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போனேன். நான் கணக்குப் போட்டு வைத்திருந்தது போக, ஊற்ற, வர பத்து நிமிஷம். அங்கே எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். ஒவ்வொருவர் பாலையும் அளந்து, சாம்பிள் எடுத்து, ரீடிங் பார்த்து, பாஸ் புக்கில் எழுதித் தர வேண்டும். முன்னால் நின்ற பெரியம்மாவுக்கு ரீடிங் குறைவாக வந்துவிட்டது, "எம் மாட்டுப் பாலா தண்ணி?" என்று அவர் ஆரம்பித்ததும் எல்லாமே நின்றுபோனது. வீடு திரும்பும்போது ஆறு பத்து. குளித்து, சாப்பிட்டு, டிபன் பாக்ஸை எடுத்தால் ஐடி கார்டைக் காணோம், முந்தின நாள் சட்டைப் பையிலேயே துவைக்கப் போயிருந்தது. ஆறு இருபத்தெட்டுக்கு வண்டியை எடுத்தேன். ரிசர்வில் கிடந்தது, பங்க்கில் ஒரு நிறுத்தம். ஸ்டாண்டில் வண்டி விட்டது ஆறு ஐம்பத்து ஒன்று. மீதியை நீங்கள் ஏற்கனவே சொல்லிவிட்டீர்கள், பாலத்துக்கு அடியில் நடக்கும்போது பஸ் போனது.

ஆனால் ஒன்று, அந்தப் பெரியம்மா தினமும் சண்டை போடுவதில்லை. நேற்று ஏதோ அப்படி ஆகிவிட்டது.

ராயக்கோட்டை தக்காளி:
நண்பா, ஓசூரில் நாலு பேரோடு ரூம் எடு, பிரச்சினை முடிந்தது. என் தம்பி அப்படித்தான் இருக்கிறான். (அவனும் லேட்டுதான், அது வேறு கதை.)

பாலக்கோடு டீச்சர்:
"நேற்று ஏதோ அப்படி ஆகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது.

கானமன், ட்வெர்ஸ்கி என்று ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள், 1979-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மதிப்பிடும்போது, எல்லாம் சரியாக நடக்கும் ஒரு நாளை மனதில் ஓட்டிப் பார்த்தே கணக்குப் போடுகிறோம், போன தடவை நிஜமாக எவ்வளவு ஆனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. பிறகு 2002-ல் கானமனுக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. 1994-ல் ரோஜர் ப்யூலரும் இன்னும் ரெண்டு பேரும் கனடாவில் இதைச் சோதித்தார்கள். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டால், சராசரியாக 34 நாள் என்றார்கள். சரி, எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள் என்றதற்கு 49 நாள் என்றார்கள். நிஜத்தில் ஆனது 55 நாளுக்கு மேல். அதாவது "படுமோசமாகப் போனால்கூட" என்று அவர்களே சொன்ன கணக்கையும் தாண்டிவிட்டது.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது இன்னொரு பகுதி. முன்னால் ஏன் தாமதமானது என்று கேட்டால், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு தனிக் காரணம், இனி வராத காரணம் சொல்வார்களாம். நம் ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் டோல்கேட்டில் வரிசை, ஒரு நாள் குருபரப்பள்ளியில் லாரி பிரேக் டவுன், ஒரு நாள் சூளகிரியில் டிராஃபிக், மாங்காய் சீசனில் கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர் வரிசை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் என்றைக்கோ நடப்பது. சேர்த்துப் பார்த்தால் ஏதாவது ஒன்று நடக்காத நாளே கிடையாது. பெரியம்மா சண்டை போடாத நாளில் உங்களுக்கு ஐடி கார்டு காணாமல் போகும்.

அதனால், நன்றாகப் போன நாளை மறந்துவிடுங்கள். கடந்த வாரத்தில் ரொம்ப இழுத்த நாள் எதுவோ அதை வைத்துக் கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். ஆறு இருபத்தெட்டுக்கு வண்டி எடுத்தால் நடக்காது என்று நீங்கள் எழுதியதே சொல்கிறது. ஆறே கால்.

சும்மா படிக்கிறவன்:
ஆறு பத்துக்குத்தான் சொசைட்டியிலிருந்தே வருகிறான் டீச்சர், ஆறே காலுக்கு எப்படிக் கிளம்புவான்? குளிக்காமலா?

பாலக்கோடு டீச்சர்:
அதைத்தான் சொல்ல வருகிறேன். காலையில் இருக்கிற வேலையையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு அலாரத்தை மட்டும் முன்னால் தள்ளினால் நாளாக ஆகப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஒரு வேலையாவது காலையிலிருந்து கழன்று போக வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் கைக்குப் போக வேண்டும்.

எங்கள் வீட்டுக் கதை இது. எங்கள் தெருவில் ஒகேனக்கல் தண்ணீர் தினமும் வராது, வருகிற நாளில் விடிகாலையில் வரும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் வந்த நாளெல்லாம் எனக்கு முதல் பஸ் போய்விடும், ப்ரேயர் முடிந்த பிறகுதான் பள்ளிக்கூடம் போய்ச் சேருவேன். ஹெச்.எம். எதுவும் சொல்ல மாட்டார், வருகைப் பதிவேட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான். ரொம்ப நாள் நானும் அலாரத்தைத்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். கடைசியில் வீட்டுக்காரரிடம் "தண்ணி இனிமேல் உங்க வேலை, நான் எழுப்பவும் மாட்டேன், ஞாபகப்படுத்தவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். முதல் வாரத்தில் ஒரு நாள் தண்ணீர் பிடிக்காமலே விட்டுவிட்டார், லாரித் தண்ணீர் வாங்கினோம். அப்புறம் ஒழுங்காகிவிட்டது. பெண்கள் லேட்டாக வருவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த வீட்டில் காலை ஐந்திலிருந்து ஏழு வரைக்கும் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும். தம்பிக்காவது பால் கறக்க அம்மா இருக்கிறார், டிபன் பாக்ஸும் தானாக வந்துவிடுகிறது.

பழைய சூப்பர்வைசர்:
டீச்சர் அம்மா சொல்வது சரி. பெண் தொழிலாளிகள் லேட்டாக வந்தபோது காரணம் கேட்காமலேயே நாங்கள் லேட் மார்க் போட்டிருக்கிறோம்.

யூனியன் ஆபீஸ் ஓரம்:
லெட்டர் வாங்கியிருக்கிறார் என்பதால் சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கம் நிறைய பேர் தெரியாமலேயே சம்பளத்தை விடுகிறார்கள்.

லேட்டாக வந்தால் சம்பளம் பிடிக்கலாமா என்றால், பிடிக்கலாம். ஆனால் வேலையில் இல்லாத நேரத்துக்கு எவ்வளவு வருமோ அவ்வளவுதான். 1936 சம்பளப் பட்டுவாடா சட்டத்தில் அப்படித்தான் இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. அபராதம் என்பது வேறு விவகாரம். எதற்கெல்லாம் அபராதம் என்று முன்கூட்டியே அரசு அனுமதி வாங்கி அறிவிப்புப் பலகையில் போட்டிருக்க வேண்டும், தொழிலாளியிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், ஒரு சம்பளக் காலத்தில் மொத்த அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தவணையாகப் பிடிக்கக் கூடாது. அபராதமாக வந்த பணத்தைத் தொழிலாளர் நலனுக்குத்தான் செலவு செய்ய வேண்டும், கம்பெனி லாபத்தில் சேர்க்க முடியாது. பத்து நிமிஷ லேட்டுக்கு அரை நாள் சம்பளம் போகிறது என்றால், அது எந்தக் கணக்கில் போகிறது என்று சம்பளச் சீட்டைப் பார்த்து எழுத்தில் கேளுங்கள்.

இதைப் படித்துவிட்டுத் தைரியமாக லேட்டாகப் போகவும் வேண்டாம். ஸ்டாண்டிங் ஆர்டர் என்றால் கம்பெனியின் வேலை விதிகள்; அதற்கான 1946 சட்டத்தின் மாதிரி ஸ்டாண்டிங் ஆர்டரிலேயே, வழக்கமாகத் தாமதமாக வருவது ஒழுங்கீனங்களின் பட்டியலில் இருந்தது. ஒரு நாள் லேட் ஒன்றும் செய்யாது. வழக்கம் என்று காட்டத்தான் லெட்டர் கொடுத்துக் கோப்பில் சேர்க்கிறார்கள். உங்கள் லெட்டருக்குப் பதில் கொடுத்தீர்களா? கொடுக்கவில்லை என்றால் ரெண்டு வரியாவது எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ரூட்டைக் காவேரிப்பட்டணம் வரை நீட்டக் கேட்டு அந்த ஊரிலிருந்து போகிற எல்லாரும் சேர்ந்து ஒரு மனு கொடுக்கலாம். கேட்டால்தானே கிடைக்கும்.

கிருஷ்ணகிரி நர்ஸ்:
மாட்டையும் பாலையும் எல்லாரும் பிடித்துக்கொண்டீர்கள், நாலே முக்காலுக்கு எழுகிறவர் எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். அவர் ஒன்பதரைக்குப் படுத்தால்தான் அது கிடைக்கும், எந்த வாலிபன் ஒன்பதரைக்குப் படுக்கிறான்? தூக்கம் குறைந்த உடம்பு எழுந்துவிடும், ஆனால் கை மெதுவாக ஓடும். விழித்த பிறகும் அரை மணி நேரம் போல மூளை அரைத் தூக்கத்தில் இருக்கும், ஐடி கார்டைக் கண் முன்னால் வைத்துக்கொண்டே தேடுவது அந்த நேரத்தில்தான். ஐந்து அலாரம் வைத்து விட்டு விட்டு எழுவதால் அந்த மந்தம் குறையாது, கடைசித் தூக்கம் துண்டு துண்டாகப் போனதுதான் மிச்சம். ஒரே அலாரம் வையுங்கள், கட்டிலை விட்டு இறங்கி அணைக்க வேண்டிய இடத்தில் வையுங்கள், எழுந்ததும் வெளிச்சத்துக்குப் போங்கள். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து குடிக்கிற டீயையும் யோசியுங்கள், அதில் இருக்கிற கஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

ஏ, பி, சி என்று ஷிஃப்ட் மாறுகிறவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். காலையிலிருந்து மதியம், மதியத்திலிருந்து இரவு என்று முன்னோக்கி மாறினால் உடம்பு ஓரளவு தாங்கும், தலைகீழாக மாற்றினால் ரொம்பக் கஷ்டம். ஷிஃப்ட் போடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ராத்திரி பலமாகக் குறட்டை விட்டு, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குகிறவர்கள் டாக்டரைப் பார்ப்பது நல்லது, அது சோம்பேறித்தனமாக இல்லாமல் தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம்.

எங்கள் வார்டில் ஒருவர் லேட்டாக வந்தால் ராத்திரி முழுக்க நின்ற சிஸ்டர் போக முடியாது, ஹேண்ட் ஓவர் கொடுக்காமல் நகரவே கூடாது. அவருக்குக் குழந்தையை ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டியிருக்கும், வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்களில் பலரை நேரத்துக்கு வர வைப்பது அந்த முகம்தான், ரிஜிஸ்டர் கிடையாது.

காவேரிப்பட்டணத்தான்:
எல்லாருக்கும் நன்றி. கொஞ்ச நாள் கழித்து எழுதுகிறேன், சும்மா காணாமல் போகவில்லை.

பெட்ரோல் இப்போதெல்லாம் திரும்பி வரும்போதே போட்டுவிடுகிறேன். ஐடி கார்டு பைக் சாவியோடு ஒரே வளையத்தில் தொங்குகிறது, அது இல்லாமல் வண்டியை எடுக்கவே முடியாது. இந்த ரெண்டும் சுலபமாக முடிந்தது. பால்தான் பெரிய பஞ்சாயத்து. அப்பாவுக்கு முட்டி வலி, சொசைட்டிக்கு நடக்க முடியாது. தம்பி காலேஜ் போகிறான், ஏழு மணி வரைக்கும் எழுந்ததே இல்லை. டீச்சர் சொன்ன மாதிரி "நான் எழுப்ப மாட்டேன்" என்று சொன்னால் அவனும் எழ மாட்டான், பாலும் கெட்டுப்போகும். கடைசியில் பேரம் பேசினேன். மாட்டு வேலை முழுக்க நான், கேனை எடுத்துப் போவது அவன், சொசைட்டிப் பணத்தில் பெட்ரோலுக்கு அவனுக்கு ஒரு பங்கு. பங்கு என்றதும் எழுந்துவிட்டான்.

இப்போது ஆறே காலுக்கு வண்டி நகர்கிறது. பஸ் வருவதற்கு முன்னால் ஒரு டீ குடிக்க நேரம் இருக்கிறது, அதுதான் புதுசு. லெட்டருக்கும் பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஹெச்.ஆர். மேடம் படித்துவிட்டு "சொசைட்டின்னா கூட்டுறவு பேங்கா?" என்று கேட்டார், பெங்களூர்க்காரர்.

திங்கட்கிழமைதான் இன்னும் சரியாகவில்லை. பஸ்ஸைப் பிடித்துவிடுகிறேன், பஸ்ஸே லேட்டாகப் போகிறது.

ராயக்கோட்டை தக்காளி:
திங்கட்கிழமை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது நண்பா. ஊருக்கு வந்த மொத்தக் கூட்டமும் அன்றைக்குக் காலையில்தான் பெங்களூர் திரும்புகிறது. சேலம், ஈரோடு, மதுரை வண்டியெல்லாம் ஒரே ரோடு.

யூனியன் ஆபீஸ் ஓரம்:
கம்பெனி பஸ் லேட்டாக வந்தால் அது உங்கள் லேட் இல்லை. பஸ்ஸில் வந்த எல்லாருக்கும் சேர்த்து டிரான்ஸ்போர்ட்காரர் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நிறைய கம்பெனிகளில் வழக்கம். உங்கள் கம்பெனியில் அப்படி இருக்கிறதா என்று கேளுங்கள். லேட் மார்க் விழுந்திருந்தால் அந்த மாதமே போய்த் திருத்துங்கள், வருஷக் கடைசியில் போனால் ரெக்கார்டு இருக்காது.

சும்மா படிக்கிறவன்:
ஞாயிறு ராத்திரியே ஓசூர் போய் யாராவது சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடலாமே?

காவேரிப்பட்டணத்தான்:
அக்கா வீடு அங்கேதான் இருக்கிறது, பாகலூர் ரோட்டில். போனால் மாமா விட மாட்டார், பேசியே பன்னிரண்டு மணி ஆக்குவார், அவருக்குத் திங்கட்கிழமை வீக் ஆஃப். பஸ்ஸிலேயே வருகிறேன். டிரான்ஸ்போர்ட் கையெழுத்து விஷயம் தெரியவே தெரியாது அண்ணா, நாளைக்கே கேட்கிறேன். போன மாதம் விழுந்த திங்கட்கிழமை மார்க்கை இப்போது திருத்த முடியுமா?

யூனியன் ஆபீஸ் ஓரம்:
பஸ் லாக் புக் டிரைவரிடம் இருக்கும். முதலில் அதை போட்டோ எடுங்கள்.